பல்கலைக்கழகத்துக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிதி ஒதுக்கீடு வந்த மறுநாளே துறைக்குள் எழும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. எதைப் பார்க்கப் போகிறோம், எங்கே வைக்கப் போகிறோம், யார் இயக்கப் போகிறார்கள் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், பட்டியல் தானாகவே இரண்டு மூன்று கருவிகளுக்குச் சுருங்கிவிடும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஏறக்குறைய அந்த மூன்றைச் சுற்றியே வரும்.

எங்களுக்குச் சொந்தமாக ஒன்று தேவையா?

கடந்த ஓராண்டில் உங்கள் ஆட்கள் வெளியிடங்களில் போய் எடுத்து வந்த படங்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். வாரத்தில் அரை நாள் வேலைதான் என்றால், பக்கத்தில் உள்ள ஆய்வு மையத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வதே நல்லது. ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டர் வரை பிரித்துக் காட்ட முடியும். நீங்கள் பார்க்க வேண்டியவை அதைவிடப் பெரியவை, அதுவும் உயிருள்ள செல்கள் என்றால், லேசர் ஒளியால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் நல்ல கான்ஃபோகல் நுண்ணோக்கியே போதுமா என்று முதலில் யோசியுங்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் பிடிபடாத ஒன்றும் இருக்கிறது. கருவி தொலைவில் இருக்கும்போது, ஓரளவு நிச்சயமான மாதிரிகளைத்தான் எடுத்துப் போவார்கள். "சும்மா வைத்துப் பார்ப்போமே" என்ற வகைச் சோதனை நடக்கவே நடக்காது. ஆய்வில் எதிர்பாராத திருப்பம் பெரும்பாலும் அந்தச் சும்மாவில்தான் வரும். கற்பித்தலையும் தொலைவில் இருக்கும் கருவியை நம்பி நடத்த முடியாது.

எஸ்.இ.எம்.மா, டி.இ.எம்.மா?

ஸ்கேனிங் வகையான எஸ்.இ.எம். ஒரு பொருளின் மேற்பரப்பைப் பார்க்கிறது. எலக்ட்ரான் கற்றை வரிவரியாக ஓட, அங்கிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களைக் கொண்டு படம் உருவாகிறது. சில சென்டிமீட்டர் அகலமுள்ள துண்டைக்கூட அப்படியே உள்ளே வைக்கலாம். முடுக்கு மின்னழுத்தம் பொதுவாக 30 கிலோவோல்ட்டைத் தாண்டாது. ஊடுருவும் வகையான டி.இ.எம். மாதிரியின் வழியே எலக்ட்ரான்களைச் செலுத்துகிறது. அதனால் மாதிரி ஏறத்தாழ 100 நானோமீட்டருக்கும் மெல்லியதாக இருக்க வேண்டும். மின்னழுத்தம் 80 முதல் 300 கிலோவோல்ட் வரை போகும். அணு அடுக்குகள், படிகக் குறைபாடுகள், செல்லின் உள் உறுப்புகள், வைரஸ்கள் ஆகியவற்றுக்கு இதுதான் வேண்டும்.

முதல் கருவி வாங்கும் பல்கலைக்கழகத்துக்கு என் பதில் அநேகமாக எப்போதும் எஸ்.இ.எம்.தான். பொறியியல், புவியியல், தாவரவியல், பல் மருத்துவம், வேதியியல் என்று எல்லாத் துறைகளும் அதில் உட்காரலாம். புதியவர் ஒருவர் சில நாட்களில் பயன்படும் படம் எடுத்துவிடுவார். டி.இ.எம்.மில் தேர்ச்சி பெற மாதங்கள் ஆகும், மாதிரி தயாரிப்பதே தனிக் கலை. ஏற்கெனவே டி.இ.எம். படங்களைக் கொண்டு ஆய்வு செய்து வரும் ஆசிரியர் இரண்டு பேராவது இல்லாத இடத்தில் அதை வாங்கினால், ஒருவர் வேலை மாறிப் போனதும் கருவியும் ஓய்வு பெற்றுவிடும்.

எந்த எலக்ட்ரான் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது?

எலக்ட்ரான் கற்றை கிளம்பும் பகுதிதான் துப்பாக்கி. விலையைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு இதற்குத்தான். மலிவானது டங்ஸ்டன் இழை. கிட்டத்தட்ட 2,700 கெல்வினுக்குச் சூடேறி எலக்ட்ரான்களை உமிழும். நூறு மணி நேரத்துக்குள் எரிந்துவிடுவது சகஜம். மாற்றுவதற்குச் செலவு குறைவு, மாணவரே கற்றுக்கொள்ளலாம். லாந்தனம் ஹெக்ஸாபோரைடு படிகம் இன்னும் பிரகாசமானது, ஆயிரம் மணி நேர அளவில் உழைக்கும், ஆனால் மேலான வெற்றிடம் கேட்கும். அதற்கும் மேலே, வலுவான மின்புலத்தின் துணையோடு எலக்ட்ரான்களை இழுத்தெடுக்கும் ஃபீல்ட் எமிஷன் வகைகள். இவற்றில் ஷாட்கி வகை இரவு பகலாக எரிந்துகொண்டே இருக்கும். ஓரிரு ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் தாங்கும். மாற்றும் நாள் வந்தால் கம்பெனிப் பொறியாளர்தான் வர வேண்டும், செலவும் கனமாக இருக்கும். குளிர் வகை அறை வெப்பநிலையிலேயே உமிழும்; கற்றை மிக நுண்மையானது, வெற்றிடத்தில் துளியும் சமரசம் செய்யாது.

ஃபீல்ட் எமிஷனின் உண்மையான பலம் குறைந்த மின்னழுத்தத்தில்தான் தெரியும். 1 கிலோவோல்ட்டில் பாலிமரையோ நுண்துளைப் பொருளையோ பூச்சில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் டங்ஸ்டன் கைகொடுக்காது. உங்கள் வேலை உலோக முறிவுப் பரப்பு, கனிமத் துகள், பூச்சியின் கால், மகரந்தம் என்று இருந்தால் டங்ஸ்டனே தாராளம். மிஞ்சும் பணத்துக்கு வேறு நல்ல செலவுகள் இருக்கின்றன, பின்னால் வருகிறேன்.

விளம்பரத் தாளில் போட்டிருக்கும் பிரிதிறனை நம்பலாமா?

பொய் இல்லை. ஆனால் அது கார்பன் மேல் படிந்த தங்கத் துகள்களில், அமைதியான அறையில், கம்பெனியின் மிகச் சிறந்த ஆள் எடுத்த அளவு. உங்கள் மாதிரி தங்கம் இல்லை. எந்த மின்னழுத்தத்தில், எந்த டிடெக்டரில், லென்சுக்கும் மாதிரிக்கும் நடுவே எந்த இடைத்தூரத்தில் அந்த எண் கிடைத்தது என்று கேளுங்கள். 30 கிலோவோல்ட் எண்ணை ஒதுக்கிவிட்டு 1 கிலோவோல்ட் எண்ணைப் பாருங்கள்.

உருப்பெருக்கத்தைப் பற்றி யாராவது பெருமை பேசினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மாக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் 1931-ல் பெர்லினில் உருவாக்கிய முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கி இருபது மடங்குகூடப் பெரிதாக்கவில்லை. எலக்ட்ரான் ஒளியியலில் செய்த வேலைக்காகவும் அந்த முதல் நுண்ணோக்கியை வடிவமைத்ததற்காகவும்தான் 1986-ல் ருஸ்காவுக்கு நோபல் பரிசு வந்தது. படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். அதில் புதிதாக ஏதாவது தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

ஈ.டி.எஸ். போன்ற கூடுதல் டிடெக்டர்கள் அவசியமா?

பின்சிதறல் எலக்ட்ரான் டிடெக்டரும் ஈ.டி.எஸ்.ஸும் இல்லாமல் பொதுப் பயன்பாட்டு எஸ்.இ.எம். வாங்காதீர்கள். முதலாவது, கனமான தனிமங்கள் உள்ள இடத்தை வெளிச்சமாகக் காட்டும். இரண்டாவது, எக்ஸ் கதிர்களைப் பிரித்து அங்கே என்ன தனிமம் இருக்கிறது என்று சொல்லும். பழைய ஈ.டி.எஸ். டிடெக்டர்களுக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைய சிலிக்கான் டிரிஃப்ட் வகை மின்சாரத்திலேயே குளிரும். பழைய வகையை யாராவது தள்ளுபடியில் தந்தால்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விற்பனைப் பேச்சில் அடிபடாத விஷயம் ஒன்று உண்டு. தடித்த மாதிரியில் 15 அல்லது 20 கிலோவோல்ட்டில் ஈ.டி.எஸ். எடுக்கும்போது, எக்ஸ் கதிர்கள் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள பகுதியிலிருந்து வருகின்றன. கற்றை எவ்வளவு நுண்மையாக இருந்தாலும் அந்தப் பகுதி சுருங்காது. ஆக, முக்கிய வேலை தனிமப் பகுப்பாய்வுதான் என்றால் விலையுயர்ந்த துப்பாக்கியால் பெரிய லாபம் இல்லை. இன்னொன்று: கந்தகம், மாலிப்டினம், ஈயம் மூன்றின் சிகரங்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். மென்பொருள் தானாக ஒட்டும் பெயரை அப்படியே ஆய்வேட்டில் எழுதும் மாணவர்களைத் தடுக்க எந்த டிடெக்டராலும் முடியாது.

உலோகவியல் துறை வலுவாக இருந்தால் படிக திசையமைவைக் காட்டும் ஈ.பி.எஸ்.டி. வாங்கலாம். இல்லையென்றால், பின்னால் பொருத்துவதற்கான துளை மட்டும் கருவியின் மாதிரி அறையில் இருக்கிறதா என்று பார்த்து வைத்தால் போதும்.

மாதிரியை உறையவைத்துப் பார்க்கும் கிரையோ நுண்ணோக்கி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

2017-ல் இந்த முறைக்காக டூபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. புரதக் கட்டமைப்புக்கான 300 கிலோவோல்ட் கருவி என்பது தனிக் கட்டடம், தனிக் குழு, நாளொன்றுக்கு டெராபைட் கணக்கில் குவியும் தரவு. பெரிய மையத்தில் நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாதிரி நன்றாக உறைந்திருக்கிறதா என்று அங்கே போவதற்கு முன் சோதிக்க, கிரையோ வசதியுள்ள 120 கிலோவோல்ட் கருவி ஒன்று இருந்தால் நல்லது.

கருவியை எங்கே வைப்பது?

காலியாக இருக்கும் அறையில் வைக்கக் கூடாது. வைக்கத் தகுந்த அறையைக் காலி செய்ய வேண்டும். துறைத் தலைவர்களிடம் இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும், ஏனென்றால் தகுந்த அறை எப்போதும் வேறு யாருடையதாகவோ இருக்கும்.

தரைத்தளமோ அடித்தளமோ நல்லது. மேல் மாடிகளில் அதிர்வு அதிகம். ஆனால் அடித்தளத்தில் தண்ணீர் புகும் வாய்ப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். காந்தப்புலம் அடுத்த எதிரி. லிஃப்ட், மின்மாற்றி, சுவருக்குள் ஓடும் பெரிய மின்கம்பிகள், பக்கத்து அறையின் என்.எம்.ஆர். காந்தம், வெளியே போகும் மின்ரயில் எல்லாம் கற்றையை அசைக்கும். நேர்க்கோடாக இருக்க வேண்டிய விளிம்பு படத்தில் ரம்பப் பல் மாதிரி தெரிந்தால், முதலில் மாறுதிசை மின்சாரத்தின் புலத்தைச் சந்தேகிக்க வேண்டும். சாதாரண எஸ்.இ.எம்.முக்கே ஒரு மைக்ரோடெஸ்லாவின் பத்தில் சில பங்குக்கு மேல் மாறும் புலம் ஆகாது. குறைந்த மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்கள் மெதுவாகப் போவதால் இன்னும் எளிதாக விலகும். மாறும் புலத்தை எதிர்ப்புலம் கொடுத்து ரத்து செய்யும் அமைப்புகள் இருக்கின்றன, ஆனால் அதற்கான பணத்தில் வேறு அறையையே சீர்செய்துவிடலாம்.

ஏசிக் காற்று நேராகக் கருவியின் தூண் மேல் (கற்றை ஓடும் குழாய்ப் பகுதி) அடிக்கக் கூடாது. வெப்பநிலை எத்தனை டிகிரி என்பதைவிட அது ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். வெற்றிடப் பம்பும் குளிர்விப்பானும் பக்கத்து அறையில் இருந்தால் சத்தமும் அதிர்வும் குறையும். தனி எர்த்திங் வேண்டும். மின்சாரம் போனால் கருவியை ஒழுங்காக அணைக்கும் அளவுக்காவது யு.பி.எஸ். தாங்க வேண்டும், ஃபீல்ட் எமிஷன் துப்பாக்கி இருந்தால் அதற்குப் பின்னால் ஜெனரேட்டரும் அவசியம். வெற்றிடம் கெட்டுவிட்டால் துப்பாக்கியைச் சூடேற்றி மறுபடி சுத்தமாக்குவதற்கே நாட்கள் போய்விடும்.

கம்பெனிகள் பொதுவாக வாங்குவதற்கு முன்பே இடத்தை ஆய்வு செய்து அறிக்கை தருவார்கள். அந்த ஆய்வை விடுமுறை நாளில் வைக்காதீர்கள். லிஃப்ட் ஏறி இறங்கி, எல்லா ஆய்வகமும் ஓடும் சாதாரண வேலை நாளில் அளக்கச் சொல்லுங்கள். அப்புறம், லாரி நிற்கும் இடத்திலிருந்து அறை வரைக்கும் ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். கதவின் அகலம், வளைவுகள், தரை தாங்கும் எடை, டி.இ.எம். என்றால் கூரையின் உயரம். கருவி வந்து நின்ற பிறகு சுவரை இடிப்பது அரிதான சம்பவம் இல்லை.

மாதிரி தயாரிக்க என்னென்ன வேண்டும்?

மொத்த நிதியைக் கருவிக்கே கொடுத்துவிட்டு இதற்குக் காசில்லாமல் நிற்கும் இடங்கள் ஏராளம். மின்சாரம் கடத்தாத மாதிரியில் மின்னேற்றம் சேர்ந்து படம் கெடும். அதனால் தங்கமோ கார்பனோ பூசும் ஸ்பட்டர் கோட்டர் முதல் நாளிலிருந்தே வேண்டும். உயிரியல் மாதிரிகளுக்கு மாறுநிலைப் புள்ளி உலர்த்தி தேவை. ஈரமான திசு காற்றில் உலரும்போது நீரின் பரப்பு இழுவிசையால் சுருங்கிவிடும். நீருக்குப் பதிலாகத் திசுவில் நிரப்பிய கார்பன் டை ஆக்சைடைச் சுமார் 31 டிகிரிக்கும் 73 பாருக்கும் மேலே கொண்டுபோய் விட்டால் திரவம், வாயு என்ற எல்லையே மறைந்துபோகும், திசு சுருங்காது. டி.இ.எம். என்றால் மாதிரியை மிக மெல்லிய சீவல்களாக வெட்டும், வைரக் கத்தியுள்ள அல்ட்ராமைக்ரோடோம், உலோகங்களுக்கு அயனி மெலிவுக் கருவி, நச்சு ஆவியை வெளியேற்றும் ஒரு நல்ல புகைக்கூண்டு.

குறைந்த வெற்றிடத்தில் இயங்கும் எஸ்.இ.எம். வகை, மாதிரி அறைக்குள் பத்து முதல் சில நூறு பாஸ்கல் வரை வாயு இருக்கவிட்டு மின்னேற்றத்தைத் தணிக்கும். பல துறைகள் பகிரும் கருவியில் இந்த வசதிக்குப் பணம் கொடுப்பது வீண் போகாது.

டெண்டர் ஆவணத்தில் என்ன எழுதுவது?

ஒரே கம்பெனியின் விளம்பரத் தாளை நகலெடுத்து விவரக்குறிப்பாகப் போடுவதுதான் பரவலான பழக்கம். அது கொள்முதல் விதிகளோடு மோதும், அதோடு உங்களுக்கே பாதகம். போட்டி இல்லாத இடத்தில் விலை இறங்காது. "நுண்துளை சிலிக்காவில் 5 நானோமீட்டர் துளைகள் 1 கிலோவோல்ட்டில் பூச்சில்லாமல் தெளிவாகத் தெரிய வேண்டும்" என்பது போல வேலையை எழுதுங்கள்.

பிறகு செயல்விளக்கம். அவர்கள் கொண்டுவரும் மாதிரி எந்தக் கருவியிலும் அழகாகத்தான் இருக்கும். உங்களிடம் உள்ளதிலேயே தொந்தரவான மாதிரியை எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். கூடவே இருந்து பாருங்கள். எவ்வளவு நேரத்தில் அந்தப் படம் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், சீர்படுத்தாத மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். இயலுமானால், நாளை கருவியை ஓட்டப்போகிற உங்கள் ஆளை ஒரு மணி நேரம் அதில் உட்கார வையுங்கள்.

உதிரி பாகங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும், பொறியாளர் எத்தனை நாளுக்குள் வருவார், அலுவலகக் கணினியில் படங்களைப் பகுப்பாய்வு செய்ய எத்தனை உரிமங்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

பழைய கருவி வாங்கலாமா?

டங்ஸ்டன் எஸ்.இ.எம். என்றால் யோசிக்கலாம்; எளிய இயந்திரம், இருபது ஆண்டு ஓடுபவையும் உண்டு. ஆனால் அது இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். பிரித்து, ஏற்றி, மறுபடி நிறுவும் செலவையும், மென்பொருள் உரிமம் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் விலையோடு சேருங்கள். காலாவதியான இயங்குதளத்தில் ஓடும் கணினியை வளாக வலையில் இணைக்கவிட மாட்டார்கள். படங்களை எப்படி வெளியே எடுப்பது என்று அப்போதே கேளுங்கள். பழைய ஃபீல்ட் எமிஷன் கருவியும் பழைய டி.இ.எம்.மும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் கையில் இருந்தால் மட்டும்.

யார் இயக்குவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். முழுநேரமாக, நிரந்தரமாக, நியாயமான சம்பளத்தில் ஒருவர் வேண்டும். ஆய்வு மாணவரை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு அவர் பட்டம் பெறும் நாள் வரைதான். நிதி தரும் அமைப்புகள் கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பாலும் சம்பளத்துக்கு இடம் வைப்பதில்லை. அதனால்தான் நிர்வாகத்திடம் அந்தப் பணியிடத்தை விண்ணப்பம் போவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். கருவி வந்தபின் கேட்டால் உங்கள் பிடி தளர்ந்துவிடும்.

அவர் செய்வது பொத்தான் அமுக்கும் வேலை இல்லை. காலையில் வெற்றிட அளவைப் பார்த்ததுமே "நேற்று யாரோ காயாத மாதிரியை உள்ளே வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லக்கூடியவர். உங்கள் கேள்விக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியே தேவையில்லை, எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் போதும் என்று திருப்பி அனுப்பக்கூடியவர். நல்ல ஆள் இருக்கும் இடத்தில் சாதாரணக் கருவியிலிருந்து தரமான ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. தலைகீழாக நடப்பது அபூர்வம். பணம் இரண்டுக்கும் போதாது என்றால், ஒரு படி குறைந்த கருவியை வாங்கி ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

இளநிலை மாணவர்களைக் கருவியில் கைவைக்க விடலாமா?

விட வேண்டும். ஆனால் ஆய்வுக்கான ஃபீல்ட் எமிஷன் கருவியில் இல்லை. மேசைமேல் வைக்கும் சிறிய எஸ்.இ.எம்.கள் இதற்கென்றே வந்தவை போலிருக்கின்றன. சிறப்பு அறை வேண்டாம், மாதிரியை வைத்துச் சில நிமிடங்களில் படம் வரும், தவறாக அழுத்தினாலும் பெரிதாக ஒன்றும் கெடாது. பிரிதிறன் குறைவுதான், ஆனால் ஆழப்புலம் என்றால் என்ன, மின்னழுத்தத்தைக் கூட்டினால் மேற்பரப்பு விவரம் ஏன் மங்குகிறது என்பதைக் கற்க அது போதும். பெரிய கருவியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் வகுப்பில் மாணவர் மனதில் தங்குவது கருவியின் நிறம் மட்டுமே.

முதுநிலை, ஆய்வு மாணவர்களுக்குப் பயிற்சி, சோதனை, அதன்பின் அனுமதி என்று படிகள் வையுங்கள். கற்பித்தலுக்கான மணி நேரங்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே முன்பதிவுப் பட்டியலில் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஆய்வுக் கட்டுரையின் கெடு எப்போதும் ஜெயிக்கும்.

பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்க வேண்டுமா?

ஆண்டுக்குக் கருவி விலையில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை ஆகலாம். ஃபீல்ட் எமிஷன், டி.இ.எம். இரண்டுக்கும் எடுத்தே ஆக வேண்டும். டங்ஸ்டன் கருவிக்கு, கைதேர்ந்த ஆள் இருந்தால், தேவைப்படும்போது அழைத்துக்கொள்ளலாம். வாங்கும்போதே ஐந்தாண்டு ஒப்பந்தத்தையும் விலைப்பேச்சில் சேருங்கள். பேரம் படியும் ஒரே நேரம் அதுதான். பயனர் கட்டணம் இந்தச் செலவை முழுதாக ஈடுகட்டும் என்று திட்ட அறிக்கையில் எழுதாதீர்கள். கட்டணம் ஏறினால் மாணவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

கருவிக்குள் எக்ஸ் கதிர் உண்டாகிறது, ஆனால் தூணும் மாதிரி அறையும் அதைத் தடுக்கும்படி கட்டப்பட்டவை. பல நாடுகளில் கதிர்வீச்சு ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவு தேவைப்படும். உண்மையான ஆபத்து மாதிரி தயாரிக்கும் பக்கத்து மேசையில்தான், அங்கே பயன்படும் வேதிப்பொருட்களில்: ஆஸ்மியம் டெட்ராக்சைடின் ஆவி கண்ணைக் கெடுக்கும், யுரேனைல் அசிட்டேட் கதிரியக்கமும் நச்சும் உள்ளது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். சிறிய அறையில் ஆக்சிஜன் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் அதைக் கையாளக் கூடாது.

நிறுவி முடித்ததும் கையெழுத்துப் போடலாமா?

உடனே வேண்டாம். ஏற்புச் சோதனை என்ன என்பது டெண்டரிலேயே இருந்திருக்க வேண்டும்: தங்கத் துகளில் பிரிதிறன், அதுவும் குறைந்த மின்னழுத்தத்திலும், மாங்கனீசின் 5.9 கிலோ எலக்ட்ரான்வோல்ட் சிகரத்தில் ஈ.டி.எஸ். பிரிதிறன், சில நிமிடங்களில் படம் எவ்வளவு நகர்கிறது, செயல்விளக்கத்தில் காட்டிய அதே உங்கள் மாதிரி. இவற்றை உங்கள் அறையில், உங்கள் மின்சாரத்தில், உங்கள் ஆள் முன்னிலையில் செய்து காட்ட வேண்டும். கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வைக்க ஒப்பந்தத்தில் இடம் இருக்கட்டும்.

உத்தரவாதக் காலம் ஏற்புக் கையெழுத்திட்ட நாளிலிருந்து தொடங்குகிறதா, கப்பலில் ஏற்றிய நாளிலிருந்தா என்று பாருங்கள். அறை வேலை முடியாமல் பெட்டிகள் தாழ்வாரத்தில் மாதக்கணக்கில் கிடப்பது சகஜம். இரண்டாவது வகை ஒப்பந்தமாக இருந்தால், பெட்டியைத் திறப்பதற்குள் பாதி உத்தரவாதம் போயிருக்கும்.

எங்களிடம் ஏற்கெனவே ஒன்று ஓடாமல் கிடக்கிறது. அதை என்ன செய்வது?

புதிதுக்கு விண்ணப்பிக்கும் முன் அது ஏன் நின்றது என்று விசாரியுங்கள். இயக்கியவர் போய்விட்டாரா, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லையா, அறை சரியில்லையா? மதிப்பீட்டுக் குழுவும் இதைத்தான் முதலில் கேட்கும். டங்ஸ்டன் கருவி என்றால் பம்பின் எண்ணெய், ரப்பர் வளையங்கள், துவாரத் தகடு, இழை ஆகியவற்றை மாற்றிச் சுத்தம் செய்தாலே எழுந்து உட்காரக்கூடும். ஒரு பொறியாளரின் ஓரிரு நாள் வருகைக்கு ஆகும் செலவில் அது தெரிந்துவிடும். எழுந்துவிட்டால் அதைக் கற்பித்தலுக்கு ஒதுக்கிவிட்டு, ஆய்வுக்கு மட்டும் புதியதைக் கேளுங்கள். எழாவிட்டால், ஸ்பட்டர் கோட்டரையும் அதிர்வுத் தடுப்பு மேசையையும் கழற்றி வைத்துக்கொண்டு அறையைக் காலி செய்யுங்கள். புதிய கருவிக்கு அந்த அறை சரிப்படுமா என்ற ஆய்வை அந்த வாரமே கேட்கலாம்.